பன்னிரண்டா? இருபத்து நான்கா?

சென்ற ஆண்டு மே திங்களில் என் தமக்கையின் திருமணம் கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் நடந்தது. நாள் 18. முகூர்த்தம் காலை 6.00 மணி முதல் 7.30 வரை. முகூர்த்த நேரம் இத்தனை திருத்தமாக என் நினைவில் நிற்கிறது. ஆனால் தாலி கட்டும் வேளையில் நான் மணப்பந்தலில் இல்லை. பெண்ணின் உடன்பிறந்தான் செய்ய வேண்டிய சடங்கை என் சிற்றப்பா மகன் செய்தான். நானோ, நெல்லூருக்கும் கூடூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த வண்டியில், முன்பதிவில்லாப் பெட்டியின் கதவோரத்தில், என் தகரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் மழையன்று, வெள்ளமன்று, வேலைநிறுத்தமும் அன்று. என் பயணச்சீட்டில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்கள்: 00.25. அவற்றின் பக்கத்தில் ஒரு தேதி: 16.

15ஆம் தேதி மாலையோடு எங்கள் தேர்வு முடிந்தது. ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் கேட்டார்: "எப்போதப்பா கிளம்புறே?" நான் சொன்னேன்: "பதினாறாம் தேதி ராத்திரி பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வண்டி அப்பா." "சரிப்பா, பார்த்து வா" என்றார். நான் சொன்னதில் பொய்யில்லை. அவர் புரிந்துகொண்டதிலும் பிழையில்லை. 15ஆம் தேதி இரவு விடுதி நண்பர்களோடு இரண்டாம் ஆட்டம் படம் பார்த்தேன். 16ஆம் தேதி இரவு 11.30 மணிக்குப் பெட்டியும் கையுமாக நிலையத்தில் போய் நின்றேன். பரிசோதகர் சீட்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உங்கள் வண்டி நேற்றே போய்விட்டதே தம்பி" என்று இந்தியில் சொன்னார். நான் திரையரங்கில் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் படுக்கை என்னை விட்டுவிட்டுச் சென்னை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது!

அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே வண்டி, அதே நடைமேடைக்கு, அதே 00.25-க்கு வந்தது. ஏறினேன். நேரம் தவறவில்லை, நாள்தான் தவறியது. நான் வீடு சேர்ந்தபோது பந்தலில் கட்டிய வாழை வாடத் தொடங்கியிருந்தது. அக்கா அழவில்லை; கோபிக்கவும் இல்லை. "இத்தனை படிச்சும் உனக்கு மணி பார்க்கத் தெரியலையேடா" என்றாள். அந்த ஒரு வாக்கியந்தான் இக்கட்டுரைக்கு வித்து.

விடுதிக்குத் திரும்பியபின் இது குறித்துப் பெரிய வழக்கே நடந்தது. "இருபத்து நான்கு மணிக் கணக்கு நம் மக்களுக்கு ஒத்துவராது, அதனால் வந்த வினை இது" என்றது ஒரு கட்சி. "உலகமே இருபத்து நான்குக்குப் போய்விட்டது, நாம்தான் இன்னும் பன்னிரண்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம், அதனால் வந்த வினை" என்றது மறு கட்சி. இரு கட்சியும் தவறு என்பது என் கருத்து. அதை விளக்கவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். என் சீட்டில் 00.25 என்பதற்கு மாறாக, 16ஆம் தேதி 12.25 ஏ.எம். என்று அச்சிட்டிருந்தால் நான் தப்பியிருப்பேனா? தப்பியிருக்க மாட்டேன். அப்போதும் அதே 16ஆம் தேதி இரவுதான் போயிருப்பேன். அப்படியானால் குற்றம் எண்ணும் முறையில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று காண, பிற நாட்டார் பொழுதை எண்ணிய விதத்தைச் சற்றே பார்க்க வேண்டும்.

பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பகுத்தவர்கள் பண்டை எகிப்தியர். பகலுக்கு நிழற்கடிகாரம், இரவுக்கு விண்மீன்கள். கோடையில் பகல் நீளும். ஆகவே அவர்களுடைய பகல் மணியும் நீளும். குளிர்காலத்தில் அது சுருங்கும். ஒரே அளவான மணி என்பது நெடுங்காலம் வானநூலாருடைய ஏட்டில்தான் இருந்தது; சந்தைக்கும் சாலைக்கும் வரவில்லை. பல் சக்கரங்களால் ஓடும் கடிகாரம் ஐரோப்பாவில் தோன்றி, நகரந்தோறும் கோபுரத்தில் ஏறிய பிறகே சம அளவான மணி மக்களுடைய மணி ஆயிற்று.

அந்தக் கோபுரக் கடிகாரங்கள் தொடக்கத்தில் எல்லா இடத்திலும் பன்னிரண்டு மணி காட்டியவை என்று நினைத்துவிட வேண்டா. இத்தாலியர் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண்ணினர். அதுவும் சூரியன் மறையும் வேளையிலிருந்து. பிளாரன்சுப் பெருங்கோயிலின் உட்சுவரில், ஓவியர் பாவ்லோ உச்செல்லோ 1443-இல் வரைந்த கடிகார முகம் இன்றும் இருக்கிறது. அதில் இருபத்து நான்கு எண்கள். முள் நம் கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சுற்றும். பிராகு நகரில் 1410-இல் அமைத்த வானியற் கடிகாரத்திலும் மறைவிலிருந்து எண்ணும் இருபத்து நான்கு மணி வளையம் உண்டு. இம்முறையில் ஒரு நன்மை பாருங்கள்: "மணி இருபத்தொன்று" என்றால், பொழுது சாய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று பொருள். பொழுது சாய்ந்தால் கோட்டைக் கதவை அடைத்துவிடும் ஊரில் வழிப்போக்கனுக்கு வேண்டிய செய்தி அதுதானே!

பிறகு ஏன் பன்னிரண்டு வென்றது? ஒரு காரணம் மிக எளியது: மணியடிப்பது. ஒன்று முதல் இருபத்து நான்கு வரை ஒவ்வொரு மணிக்கும் அத்தனை தடவை அடித்தால் ஒரு நாளைக்கு 300 அடி. பன்னிரண்டோடு நிறுத்தி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால் 156 அடி. இயந்திரத்துக்குப் பாதி வேலை மிச்சம். கேட்பவனுக்கும் அப்படியே: இருபத்து மூன்று அடிகளைத் தவறாமல் எண்ணி முடிக்கும் பொறுமை யாருக்கு உண்டு? அடி குறைந்தது, எண்ணும் குறைந்தது, பன்னிரண்டு மணி முகம் நிலைபெற்றது.

ஒழிந்த இருபத்து நான்கை மீண்டும் அழைத்து வந்தது இரயில். அதிலும் ஒரு தவறிய வண்டி! சாண்ட்போர்டு பிளெமிங் என்பவர் கனடா நாட்டு இரயில் பாதைகளை வகுத்த தலைமைப் பொறியாளர். 1876-இல் அயர்லாந்தில் ஒரு சிறு நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். கால அட்டவணையில் மாலை 5.35 என்று அச்சாகியிருந்தது. வண்டியோ காலை 5.35-க்கு உரியது. ஒரே ஓர் எழுத்துப் பிழை. வண்டி தவறிற்று. நம்மைப் போன்றவனாயிருந்தால் நிலைய அதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பான். அவர் மறக்கவில்லை. உலகத்துக்கெல்லாம் ஒழுங்கான ஒரு நேர அமைப்பு வேண்டும், நாள் முழுவதையும் இருபத்து நான்காக எண்ண வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். 1884-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு கிரீன்விச்சை உலகத்தின் தொடக்கக் கோடாக ஏற்றதோடு, உலகப் பொது நாள் நள்ளிரவில் தொடங்கிச் சுழி முதல் இருபத்து நான்கு வரை எண்ணப்பட வேண்டும் என்றும் தீர்மானித்தது. 1886-இல் கனேடியப் பசிபிக் இரயில் அம்முறையைக் கைக்கொண்டது.

பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இத்தாலி 1893-இல், பிரான்சு 1912-இல். போர் வந்தபோது படைகள் வந்தன: பிரிட்டிஷ் கடற்படை 1915-இல், தரைப்படை 1918-இல். அமெரிக்கக் கடற்படை 1920-இல், தரைப்படை 1942-இல். "ஆறு மணிக்குத் தாக்குக" என்று கட்டளை வந்தால், காலை ஆறா மாலை ஆறா என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அங்கே ஐயம் என்பது உயிர்.

இங்கிலாந்தின் கதை சுவையானது. அங்கே மக்களிடம் இதைப் புகுத்தப் பி.பி.சி. வானொலி 1934-இல் முயன்றது. நிகழ்ச்சிகளை இருபத்து நான்கு மணிக் கணக்கில் அறிவித்தது. சில திங்களுக்குள் கைவிட்டது. ஆனால் முப்பது ஆண்டு கழித்து 1964-இல் அந்நாட்டு இரயில் அட்டவணைகள் அதே கணக்குக்கு மாறியபோது அது நின்றுவிட்டது. வானொலியில் தோற்றது அட்டவணையில் எப்படி வென்றது? அட்டவணை கண்ணுக்கு உரியது. வானொலி காதுக்கு உரியது. மனிதன் "இருபது மணி முப்பது நிமிடம்" என்று பேச விரும்புவதில்லை. எழுதியிருந்தால் படித்துக்கொள்வான். இந்த வேறுபாட்டை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். என் முடிவு இதன்மேல்தான் நிற்கிறது.

செருமானியரைப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணியை அவர்கள் நிலையத்திலும் அலுவலகத்திலும் 15.00 என்று எழுதுவர். வீட்டில் காப்பிக்கு அழைக்கும்போது "மூன்று மணிக்கு வா" என்றே சொல்வர். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று; இரண்டும் சண்டையின்றி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. அமெரிக்காவிலோ பொதுமக்கள் இருபத்து நான்கைப் "பட்டாளத்து நேரம்" என்று சொல்லி ஒதுக்கிவிட்டனர். அதன் விலையையும் கொடுக்கின்றனர். நண்பகல் பன்னிரண்டு ஏ.எம்.மா, பி.எம்.மா? இலத்தீனில் முன்னது உச்சிக்கு முன், பின்னது உச்சிக்குப் பின். உச்சி வேளை தனக்கே முன்னும் அன்று, பின்னும் அன்று. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடு 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் நண்பகலை 12 ஏ.எம். என்றது, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் அதைத் தலைகீழாக்கி 12 பி.எம். என்றது. ஓர் அரசாங்கமே தன் நண்பகலுக்குப் பெயர் மாற்றி வைக்க நேர்ந்தது என்றால், விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதுபவரை என்ன சொல்வது?

இந்நாடுகள் எல்லாம் எண்ணிக்கையில்தான் வேறுபட்டன. தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுவோர் பகலை விடியலிலிருந்து எண்ணுவர். நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு மணி ஒன்று. எத்தியோப்பியரும் அப்படியே. அங்கே ஒருவர் "மூன்று மணிக்கு வாருங்கள்" என்றால் காலை ஒன்பதுக்குப் போக வேண்டும். நம் கடிகாரத்தை நம்பிப் பிற்பகல் மூன்றுக்குப் போனால் கூட்டம் தொடங்கி ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். இசுலாமியருக்கு நாள் சூரியன் மறைவில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமையின் இரவு என்பது அவர்கள் கணக்கில் வெள்ளிக்கு முந்திய இரவு. வானநூலாரோ 1925 தொடங்கும் வரை நண்பகலில் நாளைத் தொடங்கினர். இரவெல்லாம் விண்மீன் பார்ப்பவனுக்கு வேலையின் நடுவே தேதி மாறினால் தொல்லை அல்லவா? சப்பானியர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு மணியை 25 மணி என்றே எழுதுவதுண்டு. ஏன்? அந்த நேரத்தில் விழித்திருப்பவனுக்கு இன்னும் அந்த நாள் முடியவில்லை என்பதால்.

இப்போது நம்மிடம் வருவோம். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. உதயம் முதல் மறு உதயம் வரை அறுபது நாழிகை. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். மணி ஒன்றுக்கு இரண்டரை நாழிகை. ஏழரை நாழிகை ஒரு சாமம். முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சியிலேயே கன்னல் என்னும் நீர்க் கருவி கொண்டு பொழுதளந்து சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். ஆகவே நேரம் பார்க்கத் தெரியாத இனம் நாம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. என் அக்காளைத் தவிர!

இந்தக் கணக்கில் நள்ளிரவில் ஒன்றும் மாறுவதில்லை. இரவு என்பது முந்திய பகலின் வால். "ராத்திரி ரெண்டு மணி" என்று சொல்லும் எந்தத் தமிழனும் அந்த இரண்டு மணியைப் போன பகலோடுதான் சேர்க்கிறான். நான்கு மணி ஆனால் "விடியற்காலை" என்கிறான். அதை வரப்போகும் பகலோடு சேர்க்கிறான். இந்தி பேசும் நம் விடுதித் தோழர்களும் "ராத் கே தோ பஜே" என்றே சொல்கின்றனர். அவர்கள் மனத்திலும் அதே கணக்குத்தான். சட்டம் நள்ளிரவில் கோடு போட்டிருக்கிறது. நாக்கு உதயத்தில் கோடு போட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள அந்த ஐந்தாறு மணி நேரப் பள்ளத்தில் விழுந்தவன் நான்.

நம் விடுதலையும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் பிறந்தது. 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் இரவு பதினொரு மணிக்கு அரசியல் நிர்ணய சபை கூடிற்று. நேரு பேசினார். பன்னிரண்டு அடித்தது, உறுப்பினர்கள் உறுதிமொழி ஏற்றனர். சட்டத்தின்படி அது 15ஆம் தேதி. பஞ்சாங்கத்தின்படி உதயம் வரை 14-இன் இரவே. நாட்டின் பிறந்தநாளிலேயே இரண்டு கணக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டன என்றால், என் ஒருவனுடைய இரயில் எம்மாத்திரம்?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "படித்தவர்கள் சட்டக் கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே? மக்கள் பேச்சுக்காக அட்டவணையை வளைப்பதா?" என்பர். பழக வேண்டும், மறுக்கவில்லை. இரயிலும் விமானமும் இருபத்து நான்கு மணிக் கணக்கில் ஓடும்போது அதைப் படிக்கத் தெரியாமலிருப்பது மாணவனுக்கு அழகன்று. 17.10 என்பதைப் பார்த்து ஏழு பத்து என்று நினைத்து நிலையத்துக்குப் போனவர்கள் நம் விடுதியிலேயே உண்டு. கடைசி இலக்கத்தைப் பார்க்காமல் பன்னிரண்டைக் கழித்தால் ஐந்து பத்து என்று வந்துவிடும். இதற்குப் பெரிய கணிதம் வேண்டா.

ஆனால் அட்டவணையைப் படிப்பவர் மாணவர் மட்டுமல்லர். நம்மைப் பார்க்க ஊரிலிருந்து புறப்படும் தாயும் தந்தையும் படிக்கின்றனர். மருந்துச் சீட்டை நோயாளி படிக்கிறார். அறுவை சிகிச்சைக்கு முன் "12 மணிக்குப் பிறகு எதுவும் உண்ண வேண்டா" என்று எழுதிக் கொடுத்தால், எந்தப் பன்னிரண்டு, எந்த நாளின் பன்னிரண்டு என்று கேட்கத் துணியாத கிழவர் எத்தனை பேர்! எழுதுகிறவர் ஒரு சொல் கூடுதலாக எழுதினால் தீரும் தொல்லையை, படிக்கிறவர் தலையில் சுமத்துவது நாகரிகம் ஆகாது.

மறுபுறம், "நமக்குப் பன்னிரண்டே போதும், இருபத்து நான்கு அயலார் சரக்கு" என்பாருக்கும் ஒரு சொல். பன்னிரண்டு மட்டும் நம் பாட்டன் கொடுத்ததா? அதுவும் கப்பலேறி வந்ததுதான். நம்முடையது அறுபது. அதை விட்டுக் கடிகாரத்தை ஏற்றுக்கொண்டோம். ஏற்றபோது நம் சொற்களை விட்டுவிடவில்லை. அங்கேதான் நம் திறமை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஏ.எம்., பி.எம். என்ற இரண்டே முத்திரை. நமக்கு வைகறை, காலை, முற்பகல், நண்பகல், பிற்பகல், மாலை, முன்னிரவு, நள்ளிரவு, பின்னிரவு என்று வரிசையாக இருக்கின்றன. "மாலை ஐந்து மணி" என்று சொன்னால் ஐயம் எங்கிருந்து வரும்? "நண்பகல் பன்னிரண்டு" என்றால் எந்தக் கையேட்டைப் புரட்ட வேண்டும்? பேச்சுக்கு இதைவிட நல்ல முறை வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் அறிவிப்புகளில் மு.ப., பி.ப. என்று எழுதுகின்றனர், அதுவும் நன்றே.

ஆகவே என் கருத்து இது. பேச்சில் பன்னிரண்டு இருக்கட்டும். ஆனால் பொழுதின் பெயரோடு இருக்கட்டும். எழுத்தில், பயணத்துக்கும் தேர்வுக்கும் மருத்துவத்துக்கும் இருபத்து நான்கு இருக்கட்டும். இரண்டில் எதை எழுதினாலும், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரமாயின் இரு நாளையும் சேர்த்தே எழுத வேண்டும்: "15 வெள்ளி இரவு கழிந்து, 16 சனி 00.25" என்று. கூடுதலாகச் செலவாவது அரை வரி மை.

இதை முதலில் நம் சங்கமே தொடங்கலாம். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு துறையில் "கட்டுரைகளை 20ஆம் தேதி 12 ஏ.எம்.-க்குள் ஒப்படைக்க வேண்டும்" என்று அறிவித்தனர். வகுப்பில் ஒரு பகுதியினர் 19ஆம் தேதி இரவே கொடுத்தனர். மற்றவர்கள் 20ஆம் தேதி இரவு கொடுத்துத் தண்டனை மதிப்பெண் பெற்றனர். அந்த மற்றவர்களில் நம் சங்கத்தார் சிலரும் உண்டு. அதைக் கண்டித்துப் பேச நம் சங்கம் கூட்டம் கூட்டியது. கூட்ட அறிவிப்பில் என்ன எழுதியிருந்தோம் தெரியுமா? "நாளை 12 மணிக்கு" என்று! பகல் உணவு வேளையில் ஐவர் வந்தனர். இரவு உணவு முடிந்து பாட்டும் பேச்சுமாகக் கூடியிருக்கலாம் என்று நள்ளிரவில் மூவர் வந்தனர். "நாளை" என்பது எந்த நாளை என்று கேட்ட ஒருவர் வரவேயில்லை.

எனவே செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். சங்க அறிவிப்புகளில் "12 மணி" என்று வெறுமனே எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். நண்பகல் என்றோ நள்ளிரவு என்றோ எழுதுங்கள். "நாளை", "இன்று" என்னும் சொற்களோடு தேதியையும் கிழமையையும் சேருங்கள். ஒரு நாளின் முடிவை இறுதிக் கெடுவாக வைக்க வேண்டுமானால் 23.59 என்று எழுதுங்கள். அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு நாள் குழப்பம் தீர்கிறது. 15ஆம் தேதி 24.00 மணியும் 16ஆம் தேதி 00.00 மணியும் ஒரே கணந்தான் என்பது அறிவுக்குத் தெரியும். அவசரத்தில் சீட்டைப் புரட்டும் கண்ணுக்குத் தெரியாது. துறைத் தலைவர்களிடமும் இதையே எடுத்துச் சொல்வோம். நாம் செய்து காட்டிய பிறகு சொன்னால் கேட்பார்கள்.

இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையருக்குத் தனியே ஒரு வார்த்தை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போக எல்லோரும் இப்போது சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நேரம் 00 என்றோ 01 என்றோ தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால், அச்சிட்ட தேதிக்கு முந்திய நாள் இரவு உணவை முடித்துக்கொண்டு புறப்படுங்கள். வீட்டுக்குச் சொல்லும்போது "பதினாறாம் தேதி ராத்திரி" என்று சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு, அன்று ராத்திரியே ஏறுகிறேன்" என்று சொல்லுங்கள். அம்மாவுக்கும் விளங்கும், உங்களுக்கும் விளங்கும்.

என் அக்காளுக்குச் சென்ற திங்கள் வளைகாப்பு நடந்தது. வண்டி நேரத்தைச் சொல்ல இம்முறை நானே அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். நேரத்தையும், கிழமையையும், முந்திய நாளையும், பிந்திய நாளையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ ஒரு நாள் முன்னாடியே வந்துடு" என்றாள். அப்படியே போய்ச் சேர்ந்தேன்.